சாமி குத்தமா, மனுசன் குத்தமா?

நெகிரி செம்பிலானில், ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் இடையே, ஒரு காலத்தில் பால்மரமாக நின்று இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தின் பழைய லயத்து வீட்டில், அந்தி மயங்கிச் சில்வண்டுகள் ஒருசேரக் குரலெடுக்கும் வேளையில், என் பெரிய அத்தையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எண்பத்தெட்டு வயதைத் தொட்டுவிட்ட அவர் வழக்கம்போல் சிற்றுரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். படிவம் நான்கில் படிக்கும் அவருடைய கொள்ளுப் பேரன் கைப்பேசியில் ஏதோ ஜப்பானியச் சித்திரப் படத்தைப் பார்ப்பதும், நிறுத்துவதும், மடியிலிருந்த பயிற்சிப் புத்தகத்தில் கோடு கிழித்துக் கட்டம் கட்டமாக எதையோ குறிப்பதுமாக இருந்தான். யார் சொன்னது, எங்கே நின்று சொன்னது, எது பொருந்தவில்லை என்று அக்கட்டங்களுக்குத் தலைப்பும் இட்டிருந்தான். பள்ளிக்கூடத்துக் கணக்குக்குக்கூட இத்தனை சிரத்தையை அவன் செலவிட்டு நான் கண்டதில்லை. அவன் சொல்லிய கதையைப் பாதி காதில் வாங்கிக்கொண்டிருந்த அத்தை, உலக்கையை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏண்டா ஐயா, அந்த ஊர்ல செத்தவங்கள எல்லாம் சாமிதான் அடிச்சுதா? இல்ல, மனுசன் எவனாச்சும் செஞ்சுட்டுச் சாமி மேல பழியப் போட்டானா?"

"அதத்தான் பாட்டி, நாலு வருசமா எல்லாரும் மண்டைய ஒடச்சுக்கிட்டிருந்தாங்க" என்றான் பையன்.

அவன் சொன்னது மிகையன்று. 'ஹிகுராஷி நோ நாகு கோரோ நி' என்பது அப்படத்தின் பெயர். அந்தியிலும் விடியலிலும் கத்தும் ஒருவகைச் சில்வண்டுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் ஹிகுராஷி. அது கத்தும் வேளையில் நிகழ்ந்தவை என்பது தலைப்பின் பொருள். ரியுகிஷி என்னும் புனைபெயர் கொண்ட ஓர் எழுத்தாளரும் அவருடைய சிறு நண்பர் குழாமும் எழுத்தும் படமும் ஒலியும் கலந்த ஒரு கணினிக் கதையாக இதன் முதற் பகுதியை ஆக்கி, தோக்கியோவில் ஆண்டுக்கு இருமுறை கூடும் காமிக் மார்க்கெட் என்னும் ரசிகர் சந்தையில் 2002 ஆகஸ்டில் கடை பரப்பி விற்றார்கள். எட்டாவதும் கடைசியுமான பகுதி 2006 ஆகஸ்டில்தான் வந்தது. இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளும், விடை வெளிவருமுன்னே அதைத் தாமே கண்டுவிட வேண்டும் என்ற வைராக்கியத்தோடு வாசகர்கள் ஊகத்தின் மேல் ஊகமாக அடுக்கிய ஆண்டுகளாகும். 2006 ஏப்ரலில் தொடங்கிய இருபத்தாறு அத்தியாயங்கள் கொண்ட அனிமே, அந்த வெறியைக் கடல் கடந்தும் பரப்பியது.

கதை நடப்பது 1983 ஜூன் மாதத்தில், ஹினமிசாவா என்னும் மலைக்கிராமத்தில். கூரை செங்குத்தாகச் சரிந்த வைக்கோல் வேய்ந்த வீடுகளுக்குப் பெயர்பெற்று, 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஷிரகாவா-கோ என்னும் மெய்யான ஊரை மாதிரியாகக் கொண்டே இக்கற்பனை ஊர் வரையப்பட்டது. அணை கட்டுவதற்காக ஊரையே நீரில் மூழ்கடிக்க அரசாங்கம் முனைந்ததும், ஊரார் எதிர்த்து நின்றதும், அணைப் பணியின் மேற்பார்வையாளர் கொலையுண்டதும் முன்கதை. அதுமுதல் ஒவ்வோர் ஆண்டும் ஊர்த் தெய்வமான ஓயாஷிரோவின் திருவிழா இரவில் ஒருவர் சாகிறார், ஒருவர் காணாமற்போகிறார். நகரத்திலிருந்து அவ்வூருக்குப் புதிதாகக் குடிவந்த கெய்இச்சி என்னும் சிறுவன், தன்னோடு சிரித்து விளையாடும் தோழிகளே இந்த ரகசியத்தைத் தன்னிடம் மறைக்கிறார்கள் என்று அறிய நேர்வதில்தான் நடுக்கம் ஆரம்பமாகிறது.

விசித்திரம் என்னவென்றால், கதை ஒரு கோர முடிவை எய்தியவுடன் அடுத்த பகுதி மறுபடியும் அதே ஜூன் மாதத்திலிருந்து, செத்தவர்கள் யாவரும் உயிரோடு நடமாட, வேறொரு முடிவை நோக்கிப் புறப்படுகிறது. முதல் நான்கு பகுதிகளும் வினா, பின் நான்கும் விடை. கணினி விளையாட்டு என்று பெயரே ஒழிய, விளையாடுகிறவர் தெரிவு செய்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. யோசிப்பது ஒன்றுதான் ஆட்டம். சரியான விடையை எய்துவோர் நூற்றுக்கு ஒருவரே என்பதையே விளம்பர வாசகமாகவும் வைத்திருந்தார்கள். இது மனிதச் செயலா, தெய்வ சாபமா, வெறும் தற்செயலா என்று ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். வெற்றிலை இடித்துக்கொண்டே என் அத்தை கேட்ட கேள்வியில் அவற்றுள் இரண்டு கட்சிகள் அடங்கிவிட்டதைக் கண்டு பையனே சற்று மலைத்துப்போனான்.

ரசிகர்களின் ஊகம் எத்தகையது என்பதற்கு ஒரு சம்பவத்தை மட்டும் கிட்ட நின்று பார்ப்போம். உடம்புக்கு முடியாமல் கிடக்கும் கெய்இச்சிக்குத் தோழிகள் இருவர் ஓஹாகி என்னும் பலகாரம் கொண்டுவருகிறார்கள். பூரணத்தை உள்ளே வைக்காமல் வெளியே பூசிய கொழுக்கட்டை என்று அதை நாம் மனத்தில் வரைந்துகொள்ளலாம். ஒன்றைக் கடிக்கிறான், வாய்க்குள் ஊசி தைக்கிறது, பலகாரத்தைச் சுவரில் வீசியடிக்கிறான். பிறகு ஒருநாள் அவர்கள் ஊசிமருந்துக் குழலோடு தன்னை நெருங்குவதாகக் கண்டு அவன் செய்யத் தகாததைச் செய்துவிடுகிறான். சுவர்க் கடிகாரத்தின் பின்னே அவன் ஒட்டிவைத்த கடிதத்தின் நடுவே சில வரிகள் மட்டும் கிழிக்கப்பட்டிருக்கின்றன. ஊசியை வைத்தவர் யார், குழலில் இருந்தது என்ன மருந்து, வரிகளைக் கிழித்தது எந்தக் கை என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஊர் முழுதும் சதியில் கூட்டு என்றார் சிலர். நஞ்சு கலந்த தண்ணீர் என்றார் சிலர். ஒன்றுக்கொன்று பக்கத்தில் பல உலகங்கள் இருக்கின்றன என்றார் இன்னும் சிலர்.

படத்தைப் பார்க்கும் உத்தேசமுள்ளவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிச் சென்றுவிடலாம். ஊசியே இல்லை என்பதுதான் ஆறாம் பகுதி தந்த விடை. பலகாரத்துக்குள் இருந்தது குறும்புக்காக வைத்த காரக் குழம்பு. மருந்துக்குழலாகத் தோன்றியது தடித்த எழுதுகோல். சந்தேகத்தைப் பித்தாக வளர்க்கும் ஒரு நோய் அவ்வூருக்கே உரியதாக இருந்தது. அதை மறைவாக ஆராய்ந்த ஒரு மருத்துவ நிலையமும், அதனை ஒட்டி மனிதர் வகுத்த ஒரு கொடிய திட்டமும் இருந்தன. வாசகன் இதுவரை நம்பிவந்ததோ அந்நோய் பீடித்த கண்களையே. தெய்வமும் பொய்யில்லை, அதுவும் கதைக்குள் வருகிறது, ஆனால் அடித்தது அதுவன்று.

இத்தகைய விடை நியாயமான ஆட்டத்துக்கு அடுக்காது என்று கசந்துகொண்ட ரசிகர்களும் உண்டு. ஆயினும் அவர்களில் பலரும் மறுபடி முதற்பகுதிக்குத் திரும்பி, காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பழக்கத்தின் அருமை 2020இல் விளங்கியது. பழைய கதையைப் புதிய சித்திரங்களோடு மீண்டும் தருவதாகவே அறிவித்து அவ்வாண்டு அக்டோபரில் தொடர் ஆரம்பமாயிற்று. இரண்டாம் அத்தியாயத்திலேயே 'கோ' என்று ஒரு புதிய உபதலைப்பு தோன்றி, இது மறுபதிப்பன்று, தொடர்ச்சி என்ற ரகசியத்தை உடைத்தது. பழையதைக் கரைத்துக் குடித்திருந்தவர்களுக்கு அதன்பின் ஒவ்வொரு சிறு வித்தியாசமும் சாட்சியமாயிற்று.

மலையில் புகை கண்டு நெருப்புண்டென்று தெளிவதை அனுமானம் என்பார்கள் தர்க்க சாஸ்திரிகள். மணிமேகலைக் காப்பியமும் காட்சி, கருதல் என்று அளவைகளை வகுத்து, பிழைபட்ட அளவைகளையும் தனியே எண்ணிச் சொல்கிறது. பனியைப் புகையென்று மயங்கினால் அதன்மேல் எழுப்பிய அனுமானம் எத்தனை நேர்த்தியானதாயினும் நிற்காது. ஹிகுராஷி ரசிகர்களில் தோற்றவர்கள் புத்தி குறைந்தவர்கள் அல்லர். ஊசியைக் கண்டதாகச் சொன்ன கண்ணைச் சோதிக்க மறந்தவர்கள். தமக்குப் பொருந்தாத தடயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பொருந்துவதை மட்டும் கோத்தவர்கள் என்றும் சொல்லலாம். இந்தப் பிழை சித்திரப் படம் பார்க்கும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு எங்கள் மாநிலத்து மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

புதுக்காட்டை அழித்தால் காட்டு முனி காவு கேட்கும் என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ரப்பர் விலை 1910இல் உச்சிக்கு ஏறியபோது குன்றும் பள்ளமுமான இந்தப் பூமியில் காட்டை வெட்டி எரித்துத் தோட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஜனங்கள் புது லயங்களில் குடியேறிய சில மாதங்களில் குளிரும் காய்ச்சலுமாக விழுந்து மடிந்தார்கள். கங்காணி கோழி அறுத்தார், கிராணி கொய்னாத் தண்ணி கொடுத்தார், சாவு நிற்கவில்லை. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் 1897இலேயே கண்டுவிட்டிருந்தார். அந்தக் கொள்கையைக் கொண்டு 1901இல் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் சிலாங்கூரின் கிள்ளான் பட்டணத்தில் சதுப்பை வடித்து, புதரை வெட்டிக் காய்ச்சலை அடக்கியும் காட்டினார். ஆகவே, காட்டை வெட்டு, தண்ணீரை வடி என்பதே சாஸ்திரம் கண்ட முடிவாக நிலைபெற்றது.

ஆனால் கடலோரச் சமவெளியில் பலித்த அந்த வித்தை குன்றுநிலத்துத் தோட்டங்களில் பலிக்கவில்லை. வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. பொருந்தாத இந்தத் தடயத்தை ஒதுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓடைகளில் புழு தேடித் திரிந்ததுதான் வாட்சனின் பெருமை. சமவெளியில் நோய் பரப்பிய கொசு, நிழலடர்ந்த சதுப்பில் முட்டையிடுவது. நிழல் போனால் அதுவும் போயிற்று. குன்றுநிலத்துக் கொசுவோ வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடை நீரே அதற்குத் தொட்டில். மரங்கள் கவிந்து நின்றவரை அந்த ஓடைகள் இருண்டு கிடந்தன. காட்டை அழித்தவன் அவற்றின்மேல் சூரியனை இறக்கிவிட்டான். விஷயம் விளங்கியபின், ஓடையை நிலத்தடிக் குழாயில் மறைப்பதும், நீர்மேல் எண்ணெய் தெளிப்பதும் பரிகாரங்களாயின.

இப்போது முனியின் கதையைத் திரும்பவும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. காட்டை அழித்தால் சாவு வரும் என்று சொன்ன கிழவர்கள் காரணத்தைத் தவறாகச் சொன்னார்கள். கண்டதைச் சரியாகவே சொன்னார்கள். காட்டை வெட்டினால் சாவு நிற்கும் என்று சொன்ன படித்தவர்களோ காரணத்தை ஏறக்குறைய அறிந்திருந்தும் கண்ணெதிரே நடந்ததைப் பார்க்கவில்லை. பேய்க்கதை என்று நாம் ஏளனம் செய்வது, விளக்கம் கிடைக்காத காலத்தில் ஜனங்கள் தங்கள் அனுபவத்தை முடிந்துவைத்த துணிமுடிப்பு. முடிச்சை அவிழ்ப்பது நம் வேலை. முடிப்பையே தூக்கி எறிந்துவிடுவது புத்திசாலித்தனமாகாது.

இது என்றோ முடிந்த கதையென்று எண்ண வேண்டாம். போர்ட்டிக்சன் வட்டாரத்தில், புக்கிட் பெலாண்டோக் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் 1999 தொடக்கத்தில் ஒரு மூளைக் காய்ச்சல் பரவியபோது, முந்தைய ஆண்டு பேராக்கில் தலைகாட்டிய அந்நோயை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அதிகாரிகள் கொண்டிருந்தார்கள். கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பொருந்தாத தடயங்கள் அங்கும் பகிரங்கமாகவே கிடந்தன. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றுவது. இதுவோ பண்ணையில் வேலை செய்த வயதுவந்த ஆண்களைப் பற்றியது. கொசு எல்லாரையும் கடிக்கும். இந்நோயோ பன்றியைத் தொட்டவர்களையே தேடிப் பிடித்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த சுவா காவ் பிங் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளர், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து அதுவரை உலகம் அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரையே அது பெற்றது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்ட பிறகு, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தபிறகு, கொள்ளை நின்றது. பண்ணையை ஒட்டிய பழமரங்களில் பழந்தின்னி வௌவால் கடித்துப்போட்ட மிச்சமே பன்றிக்கு நோயைக் கொடுத்தது என்பது ஆராய்ச்சியாளரின் முடிவு. கேரளத்தில் 2018இல் நிபா என்ற பெயர் பத்திரிகைகளில் அடிபட்டபோது, அது எங்கள் பக்கத்து ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரின் பெயர் என்பதை எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்!

ஊரைப் பற்றிய மர்மம், ஊருக்கே உரிய நோய், கண்ணெதிரே கிடந்தும் எவரும் எடுக்காத தடயம் என்று ஹினமிசாவாவின் லட்சணங்கள் எல்லாம் இங்கேயும் இருந்தன என்று நான் சொல்லிக்கொண்டிருக்கையில், பையன் தன் புத்தகத்தின் முதற் பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். முதற் பகுதியின் பெயர் 'ஓனிகாகுஷி' என்று எழுதி, 'பேய் மறைத்தது' என்று பொருளும் எழுதியிருந்தான். காணாமற்போனவர்களைப் பேய் கொண்டுபோய் ஒளித்துவைத்தது என்பது ஜப்பானியரின் பழைய நம்பிக்கை.

அத்தை அந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்தார். எங்கள் குடும்பத்திலும் அப்படியொரு கதை உண்டு. ஜப்பான்காரன் காலத்தில், அவர் ஆறு வயதுச் சிறுமியாக இருந்தபோது, அவருடைய சித்தப்பா ஒருநாள் அந்தியில் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை; முனியாண்டி கோயில் வழியே விளக்கு வைக்கும் நேரத்தில் போனதால் முனி கொண்டுபோய்விட்டது என்பதுதான் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட சமாதானம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தூரம் ரயில்பாதை போட ஜப்பானிய ராணுவம் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனதும், 1943 அக்டோபரில் பாதை முடியுமுன் பேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் அவர்களில் எண்ணற்றோர் மடிந்ததும் சரித்திரம். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை அந்தத் துயரத்தைக் கொண்டே எழுதினார். ஆனால் சரித்திரப் புத்தகத்துக்கும் எங்கள் வீட்டு முனிக்கும் இடையே ஒருவரும் கோடு இழுத்துப் பார்த்ததில்லை.

பையன் புதுப் பக்கம் திருப்பினான். அதே போல் கட்டம் கட்டினான். 'காரணம்' என்ற கட்டத்தில் 'முனி' என்று எழுதிவிட்டு, அதே சிரத்தையோடு கேட்டான்.

"கடைசியாப் பார்த்தது யாரு பாட்டி?"

"நான்தான். வாசல்ல நின்னேன். வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டாரு. படம் காட்டுறாங்களாம், பாத்துட்டு வந்து கதை சொல்றேன்னாரு."

"கோயில் வழியாவா போனாரு?"

அத்தை பதில் சொல்லவில்லை. சிற்றுரலுக்குள் பாதி நசுங்கிய வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பனைக்குள் சில்வண்டுகள் ஓய்ந்து, மறுபடி தொடங்கின.

"இல்லையே" என்றார், தமக்கே சொல்லிக்கொள்வதுபோல. "கோயில் அந்தப் பக்கம்ல இருக்கு. அவரு பெரட்டுக்களத்துப் பக்கமாப் போனாரு. அங்கதான் லாரி நின்னுச்சு."

பையன் 'முனி' என்று எழுதியிருந்ததை அடிக்கவில்லை. பக்கத்துக் கட்டத்தில், எழுத்துக்கூட்டி எழுதுகிறவனைப்போல மெதுவாக, 'லாரி' என்று எழுதினான்.